ஆய்வாளருக்கு ஓர் எண்

பல்கலைக்கழக வேலைக்கு விண்ணப்பிக்கும் ஆய்வாளரின் கட்டுரைகளைத் தேர்வுக் குழு படிக்கிறதோ இல்லையோ, அவருடைய எச்-குறியீட்டைப் பெரும்பாலும் பார்த்துவிடும். 2005இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்த எண் இது. எச்-குறியீடு 4 என்றால், குறைந்தது நான்கு முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் அவருக்கு நான்கு உண்டு, ஐந்து முறை காட்டப்பட்டவை ஐந்து இல்லை என்று பொருள்.

ஒருவர் ஐந்து கட்டுரைகள் எழுதியிருக்கிறார். அவற்றை மற்றக் கட்டுரைகள் முறையே 40, 12, 6, 4, 1 முறை மேற்கோள் காட்டியிருக்கின்றன. நான்காவது கட்டுரைக்கு நான்கு மேற்கோள் இருக்கிறது. ஐந்தாவதற்கு ஐந்து இல்லை. ஆகவே அவருடைய எச்-குறியீடு 4. முதல் கட்டுரையின் 40 நாளைக்கே 4,000 ஆனாலும் இந்த எண் அசையாது. ஆனால் அவர் அடுத்து எழுதும் நான்கு கட்டுரைகளிலும் தன் ஐந்தாவது கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டி, நான்காவதையும் ஒருமுறை சேர்த்துக்கொண்டால் 5 ஆகிவிடும்! தன் முதுகைத் தானே தட்டிக்கொள்வதற்கு இவ்வளவு மலிவான வழி வேறு துறைகளில் உண்டா என்று தெரியவில்லை.

மேற்கோள்களை எண்ணுவது மென்பொருள். எது எந்தக் கட்டுரை என்று அதற்குத் தெரிய வேண்டுமே! இணையத்தில் வெளியாகும் கட்டுரைகளுக்குப் பெரும்பாலும் டிஓஐ என்ற அடையாளக் குறி உண்டு. 10 என்று தொடங்கும். அதையடுத்த புள்ளிக்குப் பின் பதிவு செய்த நிறுவனத்தின் எண், சாய்கோட்டுக்குப் பின் கட்டுரைக்கு உரியது. தளத்தின் முகவரி மாறினாலும் இது மாறாது. ஒரே பெயரில் பல ஆய்வாளர்கள் இருக்கும் சிக்கலுக்கு 2012 முதல் ஆர்க்கிட் என்ற 16 இலக்க எண் இருக்கிறது.

ஆய்விதழுக்கு அனுப்பினால் மதிப்பாய்வுக்கே மாதக்கணக்கில் ஆகும். மதிப்பாய்வு செய்பவர்களுக்குப் பொதுவாக ஊதியமும் கிடையாது. அதுவரை காத்திருக்காமல் கட்டுரையை முன்பதிப்பாக எவரும் படிக்கக் கொடுக்கும் இணையதளம் ஆர்க்கைவ். 1991இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கியது. பதிவேறிய தேதி அதில் நிற்பதால், யார் முந்தினார் என்ற சண்டைக்கும் அதுவே சாட்சி.

ரஷ்யக் கணிதர் கிரிகோரி பெரல்மான் 2002 நவம்பர் முதல் 2003 ஜூலை வரை அங்கே மூன்று கட்டுரைகளை ஏற்றினார். நூறாண்டு காலம் கணிதர்களுக்குத் தண்ணி காட்டிய புவான்கரே ஊகத்தின் நிறுவல் அவற்றில் இருந்தது. எந்த ஆய்விதழுக்கும் அவர் அவற்றை அனுப்பவில்லை. சரிபார்க்க மற்றவர்களுக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. 2006இல் கணிதத்தின் உயரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் தேடி வந்தது, வேண்டாம் என்றுவிட்டார். அந்த மூன்றை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், எத்தனை ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் பெரல்மானின் எச்-குறியீடு 3ஐத் தாண்டாது.