சாதுவான கோழிய எப்படிப் பாத்து எடுக்குறது

சிங்கப்பூர் சிராங்கூன் கார்டன்ல எங்க பெரியம்மாவோட தரைவீடு, பின்பக்கம் சின்னதா ஒரு தோட்டம், அதுல நாலு கோழி. அக்கா மகளுக்கு ஆறு வயசு, சேரமாங்கற குட்டி இனக் கோழி ஒண்ணைக் கைமேல உக்கார வச்சுக்கிட்டு வீடு பூரா சுத்துறா, அது கொஞ்சம்கூட பதறல, கண்ணைப் பாதி மூடிக்கிட்டு அவ சட்டைப் பட்டனைக் கொத்திப் பாக்குது. அதுக்கு முந்தின வாரம்தான் புலாவ் உபின் தீவுக்குப் போயிருந்தேன், அங்க ஒரு காட்டுச் சேவல், காதுகிட்ட வெள்ளைப் புள்ளி, சாம்பல் நிறக் காலு, நான் போனை வெளிய எடுக்குறதுக்குள்ள புதருக்குள்ள பாஞ்சிருச்சு. அந்த சிவப்புக் காட்டுக்கோழிதான் வீட்டுக் கோழிக்கெல்லாம் முக்கியமான மூதாதை. அப்ப அந்த பயம் எங்க போச்சு?

சுவீடன்ல லின்ஷாப்பிங் பல்கலைக்கழகத்துல இதையே நேரா சோதிச்சுப் பாத்தாங்க. காட்டுக்கோழிங்களை வளத்து, ஒரு ஆள் மெதுவா கிட்ட போகும்போது எது எவ்வளவு பயப்படுதுன்னு மட்டும் பாத்து, பயம் கம்மியா இருக்குறதை தனியா, அதிகமா இருக்குறதை தனியா இனப்பெருக்கம் செய்ய விட்டாங்க. வேற எதையும் பாத்துத் தேர்ந்தெடுக்கல. ஆனா சில தலைமுறையிலயே பயமில்லாத கூட்டத்துக்கு உடம்பு பெருசாச்சு, முட்டையும் பெருசாச்சு, 10 தலைமுறை தாண்டினப்ப உடம்போட ஒப்பிட்டா மூளை சின்னதா இருந்துச்சு. திடீர்னு வெளிச்சம் அடிச்சு பயமுறுத்தினா, இது ஆபத்து இல்லன்னு மத்ததை விட சீக்கிரமா பழகிக்கிட்டுச்சு. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது என்னன்னா, சாதுத்தனம்ங்கறது பரம்பரையா வர்ற விஷயம், அதுவும் தனியா வராம உடம்பு அளவு, முட்டைன்னு பலதையும் கூடவே இழுத்துட்டு வருது.

ஆனா மனுஷங்ககிட்ட சாதுவா இருக்குறதும் மத்த கோழிங்ககிட்ட சாதுவா இருக்குறதும் வேற வேற. இதுக்கு சண்டைக்குன்னே வளக்குற நம்ம அசில் இனச் சேவலை விட நல்ல உதாரணம் இல்ல, இன்னொரு சேவலைக் கண்டா உயிரைக் குடுத்து சண்டை போடும், ஆனா வளத்தவர் மடியில போய் பூனை மாதிரி உக்காந்துக்கும். கோழிங்களுக்குள்ள யாரு யாரைக் கொத்தலாம்னு ஒரு வரிசை இருக்குன்னு நார்வேகாரர் ஷெல்டெரப்-எப்பே 1921லயே எழுதிட்டாரு. நாலே நாலு கோழி இருக்குற இடத்துல அந்த வரிசையில கடைசியா நிக்குற கோழிக்கு ஓடி ஒளிய இடமே கிடையாது, அதனால சுபாவம் ஒத்துப்போற இனங்களா சேக்கணும்.

சரி, எந்த இனம்? சாதுவான கோழின்னு கேட்டா ஓர்பிங்டன், கொச்சின், பிரம்மான்னு சொல்லுவாங்க. கொச்சின்னு பேரைக் கேட்டா நமக்கு கேரளா ஞாபகம் வரும், ஆனா அது 1840கள்ல சீனாவுல இருந்து பிரிட்டனுக்குப் போன இனம். இதெல்லாம் நிஜமாவே நல்ல பொறுமையான கோழிங்கதான், பெரிய உடம்பு, அதிகம் பறக்காது. பிரச்சனை நம்ம ஊர் வெக்கை. கோழிக்கு வேர்க்காது, வேர்வைச் சுரப்பியே கிடையாது, உடம்பு சூடு ஏற்கனவே 41 டிகிரி பக்கம், கொண்டை வழியா கொஞ்சம் சூட்டை வெளிய விடும், அதுக்கு மேல போனா அலகைத் தொறந்துக்கிட்டு, றெக்கையை உடம்புல இருந்து விலக்கி வச்சுக்கிட்டு, தொண்டை துடிக்க மூச்சு வாங்கும். அந்த மூச்சுல ஈரம் ஆவியாகித்தான் உடம்பு குளிரணும், ஆனா இங்க காத்துலயே அவ்வளவு ஈரம், எங்க ஆவியாகுறது. தடியான இறகுப் போர்வை போத்துன பெரிய கோழிக்கு சிங்கப்பூர் மத்தியானம் ஒரு தண்டனை. வெக்கையைத் தாங்குற லெகார்ன் எடுக்கலாம்னு பாத்தா, ஒல்லி உடம்பு, பெரிய கொண்டை எல்லாம் சரிதான், முட்டையும் அள்ளிக் குடுக்கும், ஆனா பக்கத்துல போனாலே பதறி அடிச்சுக்கும்.

அதனாலதான் இங்க நான் சின்ன இனங்களைச் சொல்லுவேன். சில்கி நமக்குத் தெரிஞ்சதுதான், ஈரச்சந்தையில சூப்புக்கு விக்கிற கருங்கோழி. தோல், எலும்பு எல்லாம் கறுப்பா இருக்குதுல்ல, அதே மரபணு மாற்றம்தான் மத்தியப் பிரதேசத்து கடக்நாத்துலயும் இருக்கு. காலுக்கு அஞ்சு விரல். சாதாரண இறகுல நுண்ணிய கொக்கிங்க ஒண்ணை ஒண்ணு கோத்துப் பிடிச்சிருக்கும், சில்கிக்கு அது சரியா உருவாகாது, அதான் பஞ்சு மாதிரி இருக்கு. தொட்டா சுகமா இருக்கும், ஆனா மழையில தண்ணி உள்ள இறங்கிடும். பெரியம்மா வீட்டு சில்கி ஒரு தடவை டிசம்பர் மழையில மாட்டிக்கிட்டு, பாதி உடம்பா சுருங்கி நடுங்கிட்டு நின்னுச்சு, துண்டால துடைச்சு ஹேர் டிரையர் போட்டுத்தான் தேத்துனோம். தலையில இருக்குற குடுமி கண்ணை மறைக்கிறதால திடீர்னு தொட்டா துள்ளும், பேசிக்கிட்டே போனா ஒண்ணும் பண்ணாது. அடிக்கடி அடை உக்காரும், புரோலாக்டின்ங்கற ஹார்மோன் ஏறிட்டா சாப்பாடுகூட மறந்து முட்டையே இல்லாத கூட்டுல கிடக்கும், அப்ப கையை விட்டா கொத்தும், முட்டையும் வாரக்கணக்குல நின்னுடும். முட்டைக்காக வளக்குறவங்களுக்கு சில்கி ஏமாத்தமாத்தான் இருக்கும்.

சேரமா மலேசியாவுல கிளந்தான் மாநிலத்துல உருவானது, அரை கிலோகூட இருக்காது. மேசைமேல நிறுத்தி அழகு காட்டவே தலைமுறை தலைமுறையா தேர்ந்தெடுத்த இனம், அதனால மனுஷக் கையைப் பாத்து பயம் ரொம்ப கம்மி, நம்ம வெயிலும் அதுக்கு சொந்த ஊர் வெயில்தான். முட்டை குட்டியூண்டு இருக்கும், அதைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க.

இனம் பாதிதான், மிச்சம் நம்ம கையில. குஞ்சு பொரிச்ச முதல் ஒண்ணு ரெண்டு நாள்ல எதைப் பாக்குதோ அது மனசுல பதிஞ்சிடும், அப்ப இருந்தே தினமும் கையில தீனி வச்சுப் பழக்கணும். கையை மேல இருந்து கொண்டு போகாதீங்க, கோழிக்கு மேல இருந்து வர்றதுன்னா பருந்து, பருந்துக்குன்னே தனியா ஒரு எச்சரிக்கைச் சத்தம் வச்சிருக்குற பறவை அது. கீழ இருந்து, பக்கவாட்டுல போங்க. முட்டை போட ஆரம்பிக்கிற வயசுல நீங்க கிட்ட போனதும் பெட்டை பதுங்கி உக்காரும், அது பாசம்னு நினைப்போம், உண்மையில சேவலுக்கு இடம் குடுக்குற அதே தோரணைதான், ஹார்மோன் வேலை.

சிங்கப்பூர்ல எச்டிபி வீட்டுல, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டுல, கோழிக்கு அனுமதி இல்ல. தரைவீட்டுல 10 வரைக்கும் வளக்கலாம், பறவைக் காய்ச்சல் பயத்தால வெளிப் பறவைங்க நுழைய முடியாத கூண்டு கட்டணும்.

பெரியம்மா ராத்திரி ஏழரைக்குத்தான் ஒவ்வொண்ணா தூக்கி றெக்கைக்கு அடியில பேன் இருக்கான்னு பாப்பாங்க. இருட்டுல கோழிக்கு கண்ணு சரியா தெரியாது, அதனால பகல்ல பிடிக்கவே விடாத கோழிகூட அந்த நேரத்துல அவங்க இடுப்புல சாஞ்சுக்கிட்டு ஒரு முனகல் முனகிட்டு அப்படியே கிடக்கும்.