கிணற்றுத் தண்ணீர் சுத்தம் என்றால் நுளம்பு வராதா?

"எங்கட கிணறு நல்ல தண்ணி தம்பி. நுளம்பு வாய்க்காலிலதான், அங்க போய்ப் பாருங்கோ."

நுளம்புக் குடம்பி (புழு) தேடி வீடு வீடாகப் போகும் எங்களுக்கு இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டே அலுத்துவிட்டது. வாய்க்காலில் பெருகுவது கியூலெக்ஸ் என்ற நுளம்பு வகை. மலேரியாவைக் காவும் அனோபிலிஸ் வேறு; அதற்கு நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். அதிலும் ஸ்டீபன்சி என்ற இனம் பட்டணத்து நுளம்பு. இந்திய நகரங்களில் கிணறும் மேல்தொட்டியும்தான் அதன் இருப்பிடம். 2016 கடைசியில் மன்னாரில் பிடிபட்டது, பிறகு யாழ்ப்பாணத்திலும் அகப்பட்டது. வீட்டுக்கு வீடு கிணறு உள்ள ஊரை அது விடுமா? நீங்கள் குடிக்கிற அதே தண்ணீரை ஒரு வெள்ளை வாளியில் அள்ளிப் பாருங்கள். நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடையாகக் கிடந்தால் அனோபிலிஸ் குடம்பி. தலைகீழாகத் தொங்கினால் டெங்கு நுளம்பாகவோ கியூலெக்ஸாகவோ இருக்கும்.

"மலேரியா இல்லாத நாடு எண்டு 2016இல சொல்லிட்டாங்கள்தானே?" சரி, உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அப்படிச் சொன்னது. உள்ளூரில் நோய் பரவுவது நின்றதற்குத்தான் அந்தச் சான்றிதழ். நுளம்பு எங்கேயும் போகவில்லை.

பிடித்த நுளம்பின் நிறமூர்த்தத்தை எதற்குப் பார்க்கிறீர்கள் என்றும் கேட்கிறார்கள். நம் பழைய மலேரியா நுளம்பான கியூலிசிபேசிஸில் பி, ஈ என்று இரண்டு இனங்கள் உண்டு. வெளித்தோற்றத்தில் பிரிக்க முடியாது. நோயைப் பரப்புவதில் ஈதான் முக்கியம். பிடித்த பெண் நுளம்பை முட்டையிட விட்டு, பொரித்த ஆண் குடம்பியின் மூளையை ஊசி முனையால் எடுத்து, ஒய் நிறமூர்த்தத்தின் வடிவத்தைப் பார்த்துத்தான் பிரித்தார்கள். (கண் போய்விடும் வேலை.) நிறமூர்த்தம் மட்டுமல்ல, மரபணுவையும் பார்க்க வேண்டும். ஸ்டீபன்சியின் மரபணுத்தொகுதி 2014இல் வெளியானது. நுளம்பின் நரம்பில் வேலை செய்யும் சோடியம் வாயிலுக்கான மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலே பைரித்ராய்டு என்ற பூச்சிகொல்லி மருந்துக்கு நுளம்பு எளிதில் சாகாது. இதெல்லாம் தெரியாமல் புகை அடித்தால் காசுதான் கரியாகும்.

கிணற்றுக்கு நுளம்பு புகாத வலை போடுங்கள், அல்லது கப்பி மீன் விடுங்கள். மேல்தொட்டி மூடியில் வெடிப்பு இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். குடம்பி எடுக்க வருகிற பிள்ளைகளுக்குப் படலையைத் திறந்துவிடுங்கள், நாயையும் கட்டுங்கள்.

ஆபிரிக்காவுக்குப் போவதென்றால் தடுப்பு மாத்திரை பற்றி முதலிலேயே கேளுங்கள். இந்தியாவோ ஆபிரிக்காவோ போய்வந்து காய்ச்சல் என்றால் பனடோலைப் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள், தயவு செய்து. பயணம் போனதை டொக்டரிடம் சொல்லி, மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். வைவாக்ஸ் என்ற மலேரியாக் கிருமி ஈரலில் மாதக்கணக்கில் பதுங்கியிருக்கும். போன வருசத்துப் பயணத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.