கேமராவில் ஒன்றும் விழவில்லை என்று ஆட்டை வெளியே கட்டாதீர்கள்

"பதினைந்து நாள் கேமரா வைத்துப் பார்த்தாச்சு சார், ஒண்ணுமே விழல. சிறுத்தை போயிடுச்சு."

கூடலூர், கோத்தகிரி, வால்பாறைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இந்தப் பேச்சு வராத மாதம் இல்லை. விலங்குகளைப் படமெடுக்க வைத்த தானியங்கி கேமராவின் மெமரி கார்டை வாங்கிப் பார்த்தால் புல் ஆடுகிறது, தேயிலை ஆடுகிறது, நடுநடுவே கொழுந்து எடுக்கப் போகிறவர்களின் உச்சந்தலை. கேமரா எங்கே இருக்கிறது என்று கேட்டால், சில்வர் ஓக் மரத்தில் எட்டடி உயரத்தில், ஏணி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அதற்கு அடியிலேயே சிறுத்தை தினமும் போய் வந்திருக்கலாம். காலி கார்டை நம்பி லயன் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வாசலில் மறுபடியும் ஆடு கட்டப்படுகிறது. இருட்டிய பிறகு பிள்ளைகள் கடைக்கு அனுப்பப்படுகிறார்கள்.

தானியங்கி கேமராவை சிசிடிவி என்று நினைப்பதுதான் எல்லாக் கோளாறுக்கும் வேர். சிசிடிவி கண்மூடாமல் பதிவு செய்யும். உயரத்தில் வைத்தால் நிறைய இடம் தெரியும். இதுவோ தூங்குகிற கருவி. லென்சுக்குக் கீழே பால்நிறத்தில் புடைத்திருக்கிறதே, அதற்குப் பின்னால் உள்ள பிஐஆர் எனும் வெப்ப உணர்வி (சென்சார்)தான் அதை எழுப்புகிறது. பின்னணியோடு ஒட்டாத வெப்பம் ஒன்று குறுக்கே நகர்ந்தால்தான் அது விழிக்கும். வெப்ப வித்தியாசம், நகர்வு இரண்டும் வேண்டும். அதன் பார்வை பெரும்பாலான மாடல்களில் 15 முதல் 20 மீட்டர் வரை போகும் ஒரு பட்டை, அவ்வளவுதான். எட்டடியில் நேராகப் பார்க்க வைத்தால் அந்தப் பட்டை சிறுத்தையின் தலைக்கு மேலே போகிறது. கீழ்நோக்கிச் சாய்த்தால் தரையில் ஒரு துண்டு இடத்தை மட்டும் தொடுகிறது. விழுந்தாலும் முதுகுதான் விழும்; அதை வைத்து எந்தச் சிறுத்தை என்று சொல்ல முடியாது.

"அப்போ எங்க பக்கத்துல நாலு சிறுத்தை இருக்கே?" நான்கு படம் விழுந்தவர்கள் இப்படிக் கேட்பார்கள். இருப்பது நான்கு படம்தான். சிறுத்தை எத்தனை என்பது விலாப் புள்ளிகளை ஒப்பிட்ட பிறகுதான் தெரியும். இடப்பக்கப் புள்ளிகளும் வலப்பக்கப் புள்ளிகளும் வேறு வேறு. அதனால்தான் கணக்கெடுப்பில் பாதையின் இரு பக்கமும் ஜோடியாகக் கேமரா வைக்கிறார்கள், ஒன்றின் ஃபிளாஷ் மற்றதன் கண்ணில் அடிக்காதபடி சற்றே விலக்கி. 2018 அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைக்கப்பட்டது. விழுந்த படங்கள் சுமார் 3.49 கோடி. அதில் புலி 76,651, சிறுத்தை 51,777. இரண்டையும் கூட்டினாலும் ஆயிரம் படத்துக்கு நான்கு தேறாது. அதுவும் தடம் பார்த்து, எச்சம் பார்த்து இடம் தேர்ந்தவர்கள் வைத்தது. தோட்டத்தில் ஒரே ஒரு கேமராவை பதினைந்து நாள் தொங்கவிட்டுவிட்டு "இல்லை" என்று தீர்ப்புச் சொல்வது எந்தக் கணக்கில் சேரும்?

சரி, எப்படி வைப்பது? முழங்கால் உயரம், 40 முதல் 50 செ.மீ. இதை மரத்தின் அடியிலிருந்து அளக்காதீர்கள், விலங்கு நடக்கும் பாதையின் மட்டத்திலிருந்து அளங்கள். மலைச்சரிவில் மரம் பாதையைவிட ஒரு முழம் தாழ நிற்கும். அங்கே மரத்தடியிலிருந்து அரை மீட்டர் என்றால் கேமரா பார்ப்பது மண்மேட்டை. பாதையிலிருந்து 3, 4 மீட்டர் விலகல் போதும். யானை, காட்டெருமை நடமாடும் தடமானால் இன்னும் தள்ளி, கனமான மரத்தில்.

சென்சாருக்கு நேரே வரும் விலங்கைவிடக் குறுக்கே போவதுதான் எளிதில் சிக்கும். உங்கள் கேமரா எழுந்து படமெடுக்க அரை நொடிக்கு மேல் எடுக்கிறதென்றால் வால் மட்டும்தான் கிடைக்கும். அப்போது பாதைக்குச் சாய்கோணத்தில் திருப்புங்கள். கிழக்கு மேற்காக வைத்தால் காலை மாலை வெயில் நேராக அடித்துப் படம் வெளுக்கும். வடக்கு நோக்கி வைப்பது நல்லது. எதிரே வெயிலில் காயும் பாறை வேண்டாம். முன்னால் 4 மீட்டருக்குப் புல்லையும் உண்ணிச்செடியையும் வெட்டிவிடுங்கள். வெயிலில் சுட்ட இலை காற்றில் ஆடினால் சென்சாருக்கு அதுவும் ஒரு விலங்குதான். இரண்டே நாளில் கார்டை நிரப்பிவிடும். (பாம்பைப் பிடிக்க இந்தக் கேமரா வாங்குகிறவர்களுக்கு: பணத்தை வீணாக்காதீர்கள். அதன் உடம்பும் தரையும் ஏறக்குறைய ஒரே சூடு.)

கட்டி முடித்ததும் டெஸ்ட் மோடில் போட்டுப் பாதையில் தவழ்ந்து போங்கள். ஆம், தவழ்ந்துதான். நிமிர்ந்து நடந்து "சிவப்பு விளக்கு எரியுது, ஓகே" என்று கிளம்புகிறவர்கள்தான் அதிகம். சிறுத்தையின் தோள் உயரம் இரண்டடி சொச்சம், அது இரண்டு காலில் நடப்பதுமில்லை.

பேட்டரி. பெரும்பாலான மாடல்களுக்கு 8 ஏஏ செல். சுவர்க் கடிகாரத்துக்கு வாங்கும் மலிவு செல்லைப் போடாதீர்கள். பகலில் படம் ஒழுங்காக வந்து இரவில் மட்டும் கன்னங்கரேல் என்று வந்தால் கேமராவைக் குறை சொல்ல வேண்டாம். அகச்சிவப்பு விளக்கை எரிக்கும் தெம்பு செல்லுக்கு இல்லை. லித்தியம் செல் விலை அதிகம், ஆனால் கடைசிவரை மின்னழுத்தம் இறங்காது. பழையதையும் புதியதையும் கலக்கவே கூடாது. செல் மாற்றியதும் தேதி, நேரம் பாருங்கள். பல மாடல்களில் அது ஜனவரி 1க்குப் போய்விடும். ஏஎம், பிஎம் மாறினால் நள்ளிரவில் வந்த சிறுத்தை நண்பகலில் வந்ததாகிவிடும், ஊரே கலவரப்படும்.

கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். அதன் பக்கவாட்டில் உள்ள சிறு பூட்டு கீழே இறங்கியிருந்தால் ஒரு படமும் பதியாது. ஒரு முறைக்கு மூன்று படம், இடைவெளி இயன்ற அளவு குறைவாக. பேட்டரி மிச்சம் என்று ஒரு நிமிட இடைவெளி வைத்தால் தாய் விழும், பின்னால் வரும் குட்டி விழாது. மழைக்காலத்தில் உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். மூடியின் ரப்பரில் மணலோ எறும்போ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு மூடுங்கள். கொசு விரட்டி தடவிய கையோடு தொட வேண்டாம். அதிலுள்ள டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கை அரிக்கும்.

இனி, எந்தச் சமாதானமும் எடுபடாத விஷயங்கள். கேமரா முன்னால் கோழிக்கழிவு, ஆட்டுக்குடல் போடுவது. இரை வைத்து ஈர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை என்பதற்குள்ளேயே வருகிறது. சிறுத்தை அந்தச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புள்ள முதல் அட்டவணை விலங்கு. சட்டம் கிடக்கட்டும், லயனுக்கு ஐம்பது மீட்டரில் சிறுத்தைக்குச் சாப்பாடு வைத்துப் பழக்குகிறோம் என்பதாவது உறைக்க வேண்டாமா? அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் கேமரா வைக்காதீர்கள். உங்கள் நிலத்தில் வைப்பதானாலும் வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பெண்கள் விறகுக்கும் வெளிக்கும் போகும் பாதையில் வைக்கவே வேண்டாம். உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தில் கேமராக்களால் பெண்கள் பட்ட பாட்டை 2024இல் வெளியான கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு விரிவாகச் சொன்னது. பொதுவழியானால் இங்கே கேமரா இருக்கிறது என்று தமிழில் பலகை வையுங்கள். ஆள் விழுந்த படங்களை அழித்துவிடுங்கள். யாருக்கும் அனுப்பாதீர்கள், வேடிக்கைக்குக்கூட.

கார்டு மாற்றப் போகும்போது தயவுசெய்து தனியாகப் போகாதீர்கள். காலை பத்துக்கு மேல், மாலை மூன்றுக்குள், இரண்டு பேராக, சத்தமாகப் பேசிக்கொண்டு போங்கள். கரடி பேச்சுச் சத்தம் கேட்டால் பெரும்பாலும் விலகிவிடும்; புதர் திருப்பத்தில் திடீரென்று எதிரே போய் நின்றால் பாயலாம். கார்டில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஆட்டுக்கொட்டகைக்குக் கதவும், வாசலுக்கு விளக்கும் வேண்டும்.

படத்தை அடையாளம் காண அனுப்புகிறவர்கள் வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பாதீர்கள். தரமும் போகும், படத்தோடு உள்ள நேரக் குறிப்பும் போகும். கார்டில் உள்ள அசல் கோப்பையே அனுப்புங்கள். கூடவே, விலங்கு நின்ற அதே இடத்தில் அரை மீட்டர் குச்சி ஒன்றை நட்டு, அதே கேமராவில் ஒரு படம் எடுத்துச் சேர்த்துவிடுங்கள். "சிறுத்தைக் குட்டி" என்று வருகிறவற்றில் புனுகுப் பூனைகளை அந்தக் குச்சியே பிரித்துக் காட்டிவிடும்.