ஹெரால்டு ட்ரனியனுக்கு கிரீஸ் அடிக்காதீர்கள்

போன வாரமும் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு (டிரையம்ஃப் ஹெரால்டின் இந்தியப் பதிப்பான பழைய கார்) ரெக்கவரி வண்டியில் ஏறி எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. பார்க்கிங்கிலிருந்து ரிவர்ஸ் எடுக்கும்போது முன்சக்கரம் அப்படியே மடங்கிவிட்டதாம். "சஸ்பென்ஷனை முழுசாகப் பிரித்து மாட்டினோமே சார், அப்புறம் எப்படி?" என்று கேட்டார் உரிமையாளர். ரப்பர் எல்லாம் புதுசுதான். ஆனால் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டான பழைய வெர்டிகல் லிங்கைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கறுப்புப் பெயிண்ட் அடித்துத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். உடைந்த முகத்தில் முக்கால்வாசி பழுப்பேறிய பழைய துரு. ஓரத்தில் கொஞ்சம்தான் பளபளவென்று புது உடைப்பு. பெயிண்ட் அடித்த அன்றே அதில் வெடிப்பு இருந்திருக்கிறது.

லிங்கின் அடிமுனை திருகி உட்காரும் கூடுதான் ட்ரனியன். அதைக் கழற்றினால் உள்ளே காய்ந்து கட்டிதட்டிய கிரீஸ். இதைத்தான் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: ஹெரால்டின் கீழ் ட்ரனியனுக்கு கிரீஸ் கூடாது. 90 கிரேடு கியர் ஆயில்தான். கம்பெனி கையேட்டிலும் ஆயில் என்றுதான் போட்டிருக்கிறது.

அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் முனை) கண்ட இடமெல்லாம் கிரீஸ் அடித்துப் பழகிய கை இங்கேயும் அதையே செய்கிறது. கேட்டால், "கிரீஸ் கெட்டி, அதனால் நின்று உழைக்கும்" என்கிறார்கள். அந்தக் கெட்டித்தனம்தான் இங்கே வினை. லிங்கின் அடிப்பகுதி முழுக்க மரை. அது வெண்கல ட்ரனியனுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சக்கரமே திரும்புகிறது. ட்ரனியனின் அடி மூடியிருப்பதால் ஆயில் அங்கே தேங்கி, திரும்பத் திரும்ப மரை வழியே மேலேறும். கிரீஸ் ஏறாது. நாளடைவில் இறுகி, பின்னால் ஊற்றுகிற ஆயிலுக்கும் வழியை அடைத்துவிடும். மேல் சீல் வழியாக மழைத்தண்ணீர் இறங்கும், மரை துருப்பிடிக்கும், திருப்பம் இறுகும். அப்புறம் மரை தொடங்கும் இடத்தில் வெடிப்பு விழும். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது அங்கேதான் அதிகப் பளு. ஹெரால்டின் திருப்பு வட்டம் வெறும் 25 அடி. அந்த வசதிக்காகவே எல்லோரும் முழுசாக ஒடிப்பார்கள்.

இது ஹெரால்டுக்கு மட்டும் உள்ள கதை இல்லை. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், விட்டெஸ், ஏன், பழைய லோட்டஸ் எலானிலும் இதே வகை ட்ரனியன்தான். அமைப்பில் கோளாறு இல்லை. ஆயில் கேட்கிறது, அவ்வளவுதான்.

அப்கிரேடு என்று வருபவர்கள் முதலில் கேட்பது அகல அலாய் வீல். சக்கரம் வெளியே தள்ளத் தள்ள இதே லிங்குக்குத்தான் பளு கூடும். டிஸ்க் பிரேக் போடுங்கள், நல்ல விஷயம். அதே குடும்பத்து வண்டிகளின் பாகங்கள் பொருந்தும். ரப்பர் புஷ்ஷுக்குப் பதில் பாலியூரிதீன் புஷ்ஷும் போடலாம். ஆனால் லிங்கும் ட்ரனியனும் சரியான பிறகுதான் மற்றதெல்லாம்.

உடைந்த லிங்குக்கு வெல்டிங் வைக்காதீர்கள். வைத்துத் தருகிறேன் என்று சொல்லும் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பழைய லிங்கைத்தான் போட வேண்டும் என்றால் மண்ணெண்ணெயில் கழுவி, சிவப்புச் சாயம் ஊற்றி வெடிப்புப் பார்க்கும் சோதனை செய்த பிறகு போடுங்கள். மரையில் குழி விழுந்திருந்தால் அதுவும் தேறாது. இடமும் வலமும் எதிரெதிர் மரை, வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். ட்ரனியனைக் கடைசி வரை திருகி அப்படியே விடக்கூடாது. இரண்டு பக்கமும் முழுசாக ஒடியும் அளவுக்குப் பின்வாங்க வேண்டும்.

ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி இல்லாமல் ஷாக் அப்சார்பரின் மேல் நட்டில் கை வைக்கவே வேண்டாம். தெறித்தால் முகம் போய்விடும். ரப்பர் புஷ் நட்டுகளை, வண்டியைத் தரையில் இறக்கி எடை ஏற்றிய பிறகு முறுக்குங்கள். ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியபடியே நின்று சீக்கிரம் கிழியும். எத்தனை தடவை சொன்னாலும் இதை யாரும் கேட்பதில்லை.

ஆயில் விடுவது பத்து நிமிஷ வேலை. சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, ட்ரனியனின் பிளக்கைக் கழற்றி நிப்பிள் மாட்டுங்கள். ஆயில் நிரப்பிய தனி கிரீஸ் கன்னால், மேலே கசியும் வரை அடியுங்கள். இடையிடையே ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் திருப்புங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை. வண்டி ஓடாமல் நின்றாலும் இதை விடாதீர்கள். ஏற்கெனவே கிரீஸ் அடித்திருந்தால், தயவுசெய்து கழற்றிச் சுத்தம் செய்து லிங்கைப் பார்க்கும் வரை வெளியே எடுக்க வேண்டாம்.

கழித்த லிங்கை ஹாக்ஸாவால் இரண்டாக அறுத்த பிறகே காயலான் கடையில் போடுங்கள். முழுசாகப் போனால் கறுப்புப் பெயிண்ட் அடித்து யாரோ ஒருவருக்கு விற்றுவிடுவார்கள்.