மாசி பங்குனியில சைக்கிள எந்த ஊருக்குக் கொண்டு போறது? நெல்லைக்காரங்களுக்கு ஒரு வெயில் கணக்கு

மாசி பாதி தாண்டுச்சுன்னா நெல்லை, பாளை பக்கம் ரோடு சைக்கிள் ஓட்டுறவங்க வாட்ஸ்அப் க்ரூப்ல ஒரே பேச்சுதான் ஓடும். சனி ஞாயிறு கார்ல சைக்கிளப் போட்டுட்டு கொஞ்சம் குளுமையான ஊருக்குப் போயி ரெண்டு நாள் நல்லா மிதிச்சிட்டு வருவோமா, எங்க போலாம்னு. குளிர் நாட்டுக்காரங்க இதே மாசத்துல பனிக்குப் பயந்து இளஞ்சூடான ஊரத் தேடி தெக்க பாத்து வண்டி ஓட்டுவாங்க, நாம வெயிலுக்குப் பயந்து தேடுறோம். க்ரூப்ல உடனே ஒருத்தர் "குத்தாலம் போவோம்லா அண்ணாச்சி, பக்கம்தான" ம்பார், இன்னொருத்தர் "மலையத் தாண்டிட்டா கேரளா, பச்சப்பசேல்னு இருக்கும், வெயிலே தெரியாது" ம்பார். இந்த ரெண்டு யோசனையும் பங்குனில ஏன் எடுபடாது, எது எடுபடும்ங்கிறதத்தான் எழுத வந்தேன்.

மொதல்ல நம்ம ஊரு வெயில் எங்கருந்து வருதுன்னு பாப்போம். நெல்லை இருக்குறது 8.7 டிகிரி வடக்கு அட்சரேகைல, மார்ச் 21 வாக்குல பூமத்திய ரேகைக்கு நேர் மேல இருக்குற சூரியன் கொஞ்சம் கொஞ்சமா வடக்க வந்து சித்திரை பொறக்குறதுக்கு ரெண்டு நாள் முன்ன பின்ன நம்ம உச்சந்தலைக்கு நேரா வந்துரும். அதோட இன்னொரு விஷயமும் சேருது, வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு ரெண்டு மாசம் ஆயிருக்கும், பிசான நெல் அறுப்பு முடிஞ்சு தாமிரபரணி பாசன வயலெல்லாம் காயுற நேரம் அது, சின்னக் குளமெல்லாம் தரை தெரிய ஆரம்பிச்சிருக்கும். வயல்ல தண்ணி நிக்கிறப்ப வெயிலோட சக்தில பெரும்பகுதி அந்தத் தண்ணிய ஆவியாக்கவே செலவாகிரும், மண்ணு காஞ்சப்புறம் அதே சக்தி நேரா தரையையும் தரைய ஒட்டுன காத்தையும் சூடாக்குது. அதனாலதான் தைக்கும் பங்குனிக்கும் இவ்வளவு வித்தியாசம், மதியம் 35, 36 டிகிரி சாதாரணமா வந்துருது, தார் ரோட்டு மேல்பரப்பு 50ஐத் தாண்டிரும்.

இனி சைக்கிள் மேல உக்காந்திருக்குற ஆளோட கணக்கு. மனுஷ உடம்பு பெடல் மிதிக்கிறப்ப தின்ன சாப்பாட்டுல 20லருந்து 25 சதவீதத்தத்தான் வேலையா மாத்துது, மிச்சமெல்லாம் சூடு. நீங்க பெடல்ல 150 வாட் சக்தி போட்டு ஒரு மிதமான வேகத்துல போறீங்கன்னா உள்ள கிட்டத்தட்ட 500 வாட் சூடு உண்டாகிட்டே இருக்கும், அத வெளிய தள்ளியாகணும். தோலோட வெப்பநிலை 35 டிகிரி சுமாருக்கு இருக்கும், காத்து 25 டிகிரின்னா காத்து பட்டாலே சூடு போயிரும், காத்தே 35க்கு வந்துட்டா அந்த வழி அடைஞ்சு போச்சு, அதுக்கும் மேல போனா எதிர்காத்து உங்களக் குளுத்தாது, சூடேத்தும். அப்புறம் இருக்குற ஒரே வழி வேர்வை, மண்பானை வெளிப்பக்கம் கசிஞ்ச தண்ணி ஆவியாகி உள்ள இருக்குற தண்ணியக் குளுத்துதுல்லா, அதே வேலை. ஒரு லிட்டர் வேர்வை முழுசா ஆவியானா 2,400 கிலோஜூல் சூட்ட எடுத்துட்டுப் போகும், 500 வாட்ட வெளிய தள்ள மணிக்கு முக்கா லிட்டர் வேர்வை ஆவியாகணும். ஆவியாகணும்ங்கிறதுதான் முக்கியம், மூக்கு நுனில இருந்து டாப் ட்யூப் (சீட்டுக்கு முன்னால இருக்குற மேல் கம்பி) மேல சொட்டு சொட்டா விழுற வேர்வை உங்கள ஒரு துளிகூட குளுத்தல, உடம்புல இருந்த தண்ணியும் உப்பும் போனதுதான் மிச்சம்.

இங்கதான் எல்லாரும் கோட்டை விடுற எடம், போன்ல வெதர் ஆப்பத் தொறந்து அதிகபட்ச வெப்பநிலைய மட்டும் பாத்துட்டு ஊர முடிவு பண்ணிருதாங்க. அதுக்குப் பக்கத்துலயே டியூ பாயிண்ட்னு ஒரு எண் இருக்கும், காத்துல எவ்வளவு ஈரம் இருக்குன்னு அதுதான் சொல்லும், ஈரப்பதம் சதவீதத்த விட இத நம்பலாம், ஏன்னா சதவீதம் காலைல ஒண்ணு மதியம் ஒண்ணுன்னு ஆடிட்டே இருக்கும். டியூ பாயிண்ட் 25 இருக்குற எடத்துல ஆவியாகுற வேகத்தோட ஒப்பிட்டா 15 இருக்குற எடத்துல வேர்வை ஒண்ணரை மடங்குக்கு மேல வேகமா ஆவியாகும். ஒரே 30 டிகிரி ரெண்டு ஊர்ல ரெண்டு விதமா இருக்குறது இதனாலதான்.

சரி, குத்தாலம். ஆனி, ஆடில குத்தாலம் ஏன் குளுகுளுன்னு இருக்குன்னா, தென்மேற்குப் பருவக்காத்து அரபிக்கடல் ஈரத்த அள்ளிட்டு வந்து மேற்குத் தொடர்ச்சி மலைல மோதி கேரளாப் பக்கம் கொட்டுது, மிச்சத்துல கொஞ்சம் செங்கோட்டைக்கு மேற்க ஆரியங்காவுக் கணவாய் வழியா இந்தப் பக்கம் வழிஞ்சு சாரலா விழுது. மலை பெரிய சுவர் மாதிரி நிக்க, அங்க மட்டும் இரு நூறு மீட்டர் சொச்ச உயரத்துல ஒரு வாசல், அந்த வாசல் வழியா வர்ற மேகமும் காத்தும்தான் தென்காசியோட ஏசி. பங்குனில அந்தப் பருவக்காத்தே கெடையாது. வாசல் தெறந்துதான் இருக்கு, வர்றதுக்குத்தான் ஆளில்ல. தென்காசி இருக்குறது 150 மீட்டர் உயரம்கூட இல்ல, நெல்லைய விட நூறு மீட்டர் ஒசரம், அதுக்கு அரை டிகிரி கொறையும், அவ்வளவுதான். ஆலங்குளம், பாவூர்சத்திரம் தாண்டி மலை கண்ணுக்குத் தெரியுறப்ப மனசுல ஒரு குளுமை வரும், உடம்புக்கு வராது. ஜூன்ல போங்க, அப்ப அதுக்கு ஈடே கெடையாது.

கணவாயத் தாண்டி அந்தப் பக்கம் போனா? தென்மலை வரைக்கும் மர நிழல் அருமையா இருக்கும், அதையும் தாண்டி இறங்குனா புனலூர். கேரளால பிப்ரவரி, மார்ச்ல அதிக வெயில் பதிவாகுற ஊர்ப் பேரப் பாத்தீங்கன்னா பாலக்காட்டோட புனலூரும் அடிக்கடி முன்னால நிக்கும், மதியம் 36, 37 சாதாரணம். அந்த மாசங்கள்ல காத்து பெரும்பாலும் கிழக்க இருந்து, அதாவது நம்ம காஞ்ச பக்கத்துல இருந்து போகுது, மலை தாண்டி இறங்குற காத்து மேல இருக்குற காத்தோட அழுத்தத்துல அமுங்கி இன்னும் சூடாகும். கடல்காத்தும் அவ்வளவு உள்ளுக்குள்ள வந்து சேர நேரமாகிரும். ஆக பச்சை நெறத்தப் பாத்து குளுமைன்னு நம்ப வேண்டாம், மலைய குறுக்க தாண்டுறதுல பிரயோஜனம் இல்ல, மேல ஏறணும்.

கடற்கரைய ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருதேன், திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கூடங்குளம்னு அந்த ரோடு சமதளமா, வண்டி கொறைவா, பாக்க அழகா இருக்கும். தண்ணி மெதுவா சூடாகும், தரை வேகமா சூடாகும், அதனால முற்பகல் பத்து பதினொரு மணி வாக்குல கடல்காத்து கெளம்பி வெப்பநிலைய 32, 33ல நிறுத்திரும். ஆனா டியூ பாயிண்ட் 24, 25ல நிக்கும், ஜெர்சி காயவே காயாது. அந்தக் காத்து எதிர்ல வந்தா இன்னொரு கஷ்டம், காத்துத் தடை வேகத்தோட இருமடிக்கு ஏறும், நீங்க 25 கிலோமீட்டர் வேகத்துல போறப்ப எதிர்ல 20ல காத்து அடிச்சா தடை மூணு மடங்குக்கு மேல. ஒரு காலைக்கு நல்ல ரோடு, விடிய ஆரம்பிச்சு ஒம்பது மணிக்குள்ள முடிச்சிரணும், ரெண்டு நாள் டேராப் போட இது ஏத்த எடம் இல்ல.

இப்ப உயரம். மலை மேல போனா சூரியனுக்குக் கிட்ட போறோம்லா, அப்ப ஏன் குளுருதுன்னு சின்னப் புள்ளைங்க கேக்கும், நல்ல கேள்வி அது. வெயில் காத்த நேரா அதிகம் சூடாக்குறதில்ல, தரையச் சூடாக்குது, தரை காத்தச் சூடாக்குது. அந்தக் காத்து மேல ஏறுறப்ப சுத்தி அழுத்தம் கொறையுறதால விரியும், விரியுறதுக்கு வேணுங்கிற சக்திய தன்கிட்ட இருக்குற சூட்டுல இருந்தே எடுக்கும், அதனால குளுரும். ஈரமில்லாத காத்துன்னா 1,000 மீட்டருக்கு 9.8 டிகிரி, ஈரம் மேகமா மாறுறப்ப கொஞ்சம் சூட்டத் திருப்பிக் குடுக்குறதால சராசரியா 6.5 டிகிரின்னு வச்சுக்கலாம். நெல்லைல 36ன்னா 900 மீட்டர் உயரத்துல இருக்குற குமுளில 30, 31, 1,500 மீட்டர் மூணாறுல 26, 27, 2,100 மீட்டர் கொடைக்கானல்ல 22, 23 வரும். ஈரமும் சேந்து கொறையும், குளுந்த காத்தால அவ்வளவு நீராவியத் தாங்க முடியாது, அதனால டியூ பாயிண்டும் இறங்கிரும். ஒரே ஏத்தத்துல ரெண்டு லாபம்.

ஆனா ரொம்ப ஒசரமும் வேண்டாம்ங்கிறது என் அபிப்பிராயம். கொடைக்கானல்ல காத்தழுத்தம் கடல்மட்டத்த விட 22 சதவீதம் கொறைவு, மூச்சுக்கு மூச்சு ஆக்சிஜன் அந்த அளவு கொறையும், சமதளத்துல பழகுன நமக்கு மொத நாள் நெஞ்சு அடைக்குற மாதிரி இருக்கும், போதாததுக்கு கார் கொண்டு போக 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் வேற. 1,000லருந்து 1,800 மீட்டர் வரைக்கும் உள்ள எடம்தான் நமக்குத் தோது. பக்கத்துலயே மணிமுத்தாறுக்கு மேல மாஞ்சோலை அந்த உயரத்துல இருக்கு, ஆசையாத்தான் இருக்கும், ஆனா அது 1988ல புலிகள் காப்பகமான களக்காடு முண்டந்துறைக் காடு, வனத்துறை அனுமதி வாங்காம போகக் கூடாது, அத நம்பி திட்டம் போடாதீங்க.

அதனால நான் சொல்றது போடிக்கு மேல மூணாறு போற வழில இருக்குற போடிமெட்டு, பூப்பாறை, தேவிகுளம் பக்கம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியா தேனி, அங்கருந்து போடி, காலைல வெள்ளன கெளம்புனா மதியச் சாப்பாட்டுக்குள்ள மேல போயிரலாம். காரக் கொண்டு போயி மேலயே தங்கணும், கீழ தங்கிட்டு ஏறுவோம்னு நெனச்சா அதுல ஒரு சிக்கல் இருக்கு. நம்ம பக்கத்து மலைச்சரிவெல்லாம் கிழக்க பாத்தது, காலைல ஆறரை ஏழுக்கே வெயில் நேரா சரிவுல வந்து விழும். ஏத்தத்துல நீங்க 8, 9 கிலோமீட்டர் வேகத்துலதான் போவீங்க, சமதளத்துல 30ல போறப்ப அடிக்கிற காத்து அங்க இல்ல, ஆனா உள்ள உண்டாகுற சூடு அதே 500 வாட்டோ அதுக்கு மேலயோ. மலை அடிவாரத்துல இருக்குற முந்தல்ல இருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு, அதுல கீழ் வளைவெல்லாம் பாறையோட சூடும் சேந்து திருப்பி அடிக்கும். ஏறியே ஆகணும்னா இருட்டு பிரிஞ்ச ஒடனே ஆரம்பிங்க, இல்லன்னா சாயந்தரம் நாலு மணிக்கு மேல, அப்ப சூரியன் மலைக்கு அந்தப் பக்கம் போயிரும், சரிவு முழுக்க நிழல்.

மேல தங்கிட்டா காலைல தேவிகுளம் கேப் ரோடுல தேயிலைத் தோட்டத்துக்கு நடுவுல ஓட்டுறது தனி சுகம், நல்ல அகலமான ரோடு. ஆனயிரங்கல், சின்னக்கானல் பக்கம் யானை நடமாட்டம் உண்டு, 2023 ஜூன்ல நம்ம முண்டந்துறைக் காட்டுக்குள்ள கொண்டு வந்து விட்டாங்களே அரிக்கொம்பன், அதோட சொந்த ஊரே சின்னக்கானல்தான். நல்லா வெளிச்சம் வராம அங்க சைக்கிள எடுக்காதீங்க, கடைக்காரங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போங்க. குளுருதேன்னு சன்ஸ்கிரீன விட்றாதீங்க, ஆயிரம் மீட்டருக்கு பத்து சதவீதம் புற ஊதாக் கதிர் கூடும், குளுமைல தோல் கருகுறதே தெரியாது. பங்குனி கடைசில இருந்து மதியத்துக்கு மேல இடிமழையும் உண்டு, காலை வெயில்ல சூடான காத்து ஈரத்தோட மலைச்சரிவுல ஏறி ரெண்டு மூணு மணிக்கெல்லாம் மேகமாத் திரண்டுரும், அதனால அப்பல்லாம் சாயந்தர ஏத்தத்தையும் விட்டுட்டு சைக்கிள் வேலையெல்லாம் பகல் பன்னெண்டுக்குள்ள.

கார்ல கொண்டு போறப்ப டயர்ல காத்த கொஞ்சம் கொறைச்சிட்டுப் போங்க. தேனில சாப்புட எறங்கி கார வெயில்ல நிறுத்துனா உள்ள 60 டிகிரி வந்துரும், 30 டிகிரில 90 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) அடிச்ச டயர் அப்ப 100 ஆயிருக்கும், மலை ஏறுனா வெளியழுத்தம் கொறையுறதால இன்னும் ரெண்டு மூணு பிஎஸ்ஐ. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் வண்டின்னா சக்கரத்தக் கழட்டுனதும் பிரேக் பேடுக்கு நடுவுல ஸ்பேசர்ங்கிற சின்னத் துண்ட வச்சிருங்க, யாராவது தெரியாம பிரேக் லிவர அமுக்குனா பேடு ரெண்டும் ஒட்டிக்கும்.

திரும்புறப்ப போடிக்கு சைக்கிள்லயே இறங்க ஆசப்படுறவங்க பிரேக்க நெனச்சுக்கோங்க. ஆளும் வண்டியும் சேந்து 85 கிலோன்னா 1,000 மீட்டர் இறங்குறதுல 830 கிலோஜூல் சக்தி எங்கயாவது போயாகணும், அறை வெப்பத் தண்ணிய ரெண்டரை லிட்டருக்கு மேல கொதிக்க வைக்குற அளவு அது. வேகமா போனா கொஞ்சத்தக் காத்து வாங்கிக்கும், வளைவுக்கு வளைவு புடிச்சுட்டே இறங்குனா ரிம் பிரேக் வண்டில (சக்கர வளையத்தையே புடிக்கிற பிரேக்) எல்லாம் ரிம்முக்குத்தான், உள்ள ட்யூப் காத்து விரிஞ்சு டயர் வெடிக்கிற ஆபத்து உண்டு, கார்பன் ரிம்னா பசை இளகிரும். அதனால லிவர இழுத்துப் புடிச்சுட்டே வராம வளைவுக்கு முன்னால நல்லா அழுத்தி விட்டுருங்க, முன் பின்னுன்னு மாத்தி மாத்திப் புடிங்க. ரிம் பிரேக் வண்டிக்காரங்க நாலஞ்சு வளைவுக்கு ஒருக்க நிறுத்தி விரல ரிம்முக்குக் கிட்ட கொண்டு போய்ப் பாருங்க, பக்கத்துல போறப்பவே அனல் அடிச்சா பத்து நிமிஷம் ஓரமா நின்னு ஆறவிட்டுட்டு இறங்குங்க.