இரண்டாம் கியரைத் தொலைத்த சின்ன நைலோன் புஷ்

திருகோணமலையின் உவர்மலை ஏற்றத்தில் ஒரு பின்னேரம். முதலாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு இழுத்தேன். லீவர் வந்தது, கியர் விழவில்லை. திரும்ப இழுத்தபோது கர்ர் என்று பல் உரசும் சத்தம். அப்பாவின் வேகன் அது. 1980களில் ஜப்பானிலிருந்து வந்தது. சில மாதமாகவே அதன் கியர் லீவர், நியூட்ரலில் விட்டால் கூழுக்குள் விட்ட அகப்பை போல நாலா பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் பழகிப்போய் பேசாமல் இருந்துவிட்டோம்.

கியர்பொக்ஸ் முடிந்துவிட்டது, பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒன்று பார்த்து எடுங்கள் என்றுதான் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். கராஜ் அண்ணா மட்டும் என்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு, லீவரின் தலையை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக ஆட்டிப் பார்த்தார். "கியர்பொக்ஸ்ல ஒண்டும் இல்லத் தம்பி, புஷ்தான் போயிட்டு" என்றார். லீவரின் கீழ் நுனியில் மாட்டியிருக்கும் அந்த நைலோன் புஷ், என் சுண்டுவிரல் நுனியில் தொப்பி போல நிற்கிற அளவு. இத்தனை சின்னப் பொருள் ஒரு காரை எப்படி இப்படி அலைக்கழிக்கிறது?

விடை நாம் பள்ளிக்கூடத்தில் படித்த நெம்புகோலில் இருக்கிறது. பொறுதி, எத்தனம், சுமை என்று படித்தோமே, அதேதான். பின்சக்கரம் இழுக்கும் பழைய கார்களில் கியர் லீவர் கியர்பொக்ஸின் தலையிலேயே நிற்கும். லீவரின் கீழ்ப்பக்கம் பந்து போன்ற ஒரு பகுதி ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும்; லீவர் திரும்பும் மையமான அதுதான் பொறுதி. அதற்கும் கீழே உள்ள நுனி, கியர்பொக்ஸுக்குள் இருக்கும் தண்டைத் தள்ளும். தண்டோடு சேர்ந்த கவை ஒரு வளையத்தை நகர்த்தும். அந்த வளையம் வேண்டிய கியரின் பற்களின் மேல் ஏறிப் பூட்டும்போதுதான் 'கியர் விழுந்தது' என்கிறோம்.

லீவரைக் கழற்றியபின் அடிமட்டம் வைத்து அளந்தேன். பொறுதியிலிருந்து மேலே குமிழ் வரை 35 சென்ரிமீற்றர், கீழே நுனி வரை 5 சென்ரிமீற்றர். அதாவது ஏழு மடங்கு. கை தரும் விசை நுனியில் ஏழு மடங்காகிறது. கை 7 சென்ரிமீற்றர் போனால் நுனி 1 சென்ரிமீற்றர் போகிறது. இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் நோய் தெரிந்துவிடும். நுனியில் இருக்கும் புஷ் 1 மில்லிமீற்றர் தேய்ந்தால், கையில் 7 மில்லிமீற்றர் ஆட்டம். பொறுதியைத் தாங்கும் கிண்ணமும் 1 மில்லிமீற்றர் தேய்ந்திருந்தால் பொறுதியே நகர்கிறது. அது கையில் இன்னொரு 8 மில்லிமீற்றர். ஆக மொத்தம் ஒன்றரைச் சென்ரிமீற்றர் வெறும் அசைவு. கை போகும், உள்ளே ஒன்றும் போகாது. முதலாம்-இரண்டாம் கியர் வரிசைக்கும் மூன்றாம்-நான்காம் கியர் வரிசைக்கும் நடுவே குமிழில் மூன்று நான்கு சென்ரிமீற்றர்தான் இடைவெளி என்றால், இரண்டாம் கியர் தொலைந்துபோனதில் புதுமை இல்லை. பூட்டும் வளையம் பற்களின் மேல் முழுதாக ஏறாமல் முக்கால்வாசியில் நின்றாலோ, அக்சலரேட்டரிலிருந்து காலை எடுக்கிற நேரம் கியர் தானாகவே கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும்.

அப்படியானால் தேயாத இரும்பிலேயே புஷ்ஷையும் செய்திருக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. தேயத்தான் அதை வைத்திருக்கிறார்கள். இரும்பு இரும்போடு உரசினால் இரண்டுமே தேயும், என்ஜினின் அதிர்வு முழுவதும் லீவர் வழியாகக் கைக்கு வரும். நடுவில் மென்மையான ஒன்று இருந்தால் அதிர்வை அது வாங்கிக்கொள்ளும், தேய்மானத்தையும் அதுவே ஏற்றுக்கொள்ளும். கியர்பொக்ஸ் பிழைக்கும்.

அந்த வேலைக்கு நைலோன் நல்ல பொருள். 1935இல் அமெரிக்காவின் டுபொன்ட் ஆய்வுகூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் உருவாக்கியது. நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஒன்றையொன்று ஐதரசன் பிணைப்புகளால் பிடித்திருப்பதால் அது உறுதியானது. கிறீஸ் குறைந்தாலும் ஓரளவு வழுக்கும். ஆனால் அந்தப் பிணைப்பு இடங்களுக்கு நீர் என்றாலும் பிரியம். காற்றிலுள்ள ஈரம் சங்கிலிகளுக்கு நடுவே போய் உட்கார, நைலோன் சற்றுப் பருத்து, இளகிக் கொடுக்கும். மூன்று பக்கம் கடல் சூழ்ந்த எங்கள் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் ஈரத்தை நான் பெரிய குற்றவாளி என்று சொல்லமாட்டேன். உப்புக் காற்று இரும்பு நுனியில் துருவை ஏற்றுகிறது, சொரசொரத்த துரு அரம் போலப் புஷ்ஷை உள்ளிருந்து அராவுகிறது. அது கூடுதல் கெடுதி.

அதைவிடப் பெரிய கெடுதி மணல். லீவரின் அடியில் இருக்கும் ரப்பர் உறை எங்கள் வேகனில் கிழிந்து எத்தனை வருடமோ தெரியாது. நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் போய்வந்த கால்களிலிருந்து உதிர்ந்த மணல் அந்தக் கிழிசல் வழியே இறங்கி, பழைய கிறீஸில் குழைந்து கறுப்புப் பசையாகக் கிடந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநற என்றது. இதில் வியப்பான ஒன்றைக் கண்டேன். புஷ்ஷின் உட்புறத்தில் மணிகள் பதிந்திருந்தன. எதிரே இருந்த இரும்பு நுனியில் மெல்லிய வரிகள் ஓடியிருந்தன. மென்மையான பொருள் கடினமான மணலைத் தனக்குள் பதித்துக்கொண்டால் அதுவே உப்புத்தாளாக மாறி இரும்பைத் தேய்க்கிறது. நாட்பட்ட புஷ்ஷை மாற்றாமலே ஓடினால் லீவரும் கெடுவது இதனால்தான்.

மாற்றுவது ஒரு மணித்தியால வேலை. நியூட்ரலில் விட்டு, உறையை நீக்கி, லீவரைப் பிடித்திருக்கும் மூடியை அமத்தித் திருப்பினால் லீவர் கையோடு வந்துவிடும். முதலில் சுற்றுப்புறத்தைத் துணியால் நன்றாகத் துடைக்க வேண்டும், ஏனென்றால் லீவர் வந்தபின் அங்கே இருப்பது கியர்பொக்ஸின் திறந்த வாய். எங்கள் பழைய புஷ் மூன்று துண்டாக வந்தது. மூன்றையும் பொருத்திப் பார்த்து ஒரு சில்லும் உள்ளே விழவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் அண்ணா அடுத்த வேலைக்குப் போனார். நைலோன் காந்தத்துக்கு வராது, விழுந்தால் சிமிட்டாவால்தான் தேட வேண்டும்.

புதுப் புஷ் நுனியில் ஏற மறுத்தது. அண்ணா சுத்தியலைத் தொடவில்லை. கேத்தலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் ஐந்து நிமிடம் போட்டார். சூட்டில் சங்கிலிகள் அசைந்து இடம் கொடுக்க, புஷ் இளகியது, பெருவிரலால் அழுத்தியதும் 'டொக்' என்று உட்கார்ந்தது. எங்கள் கன்னியா வெந்நீர்க் கிணற்றின் சூடு இதற்குப் போதாது, நன்றாகக் கொதிக்க வேண்டும். அப்புறம் லிதியம் கிறீஸ் கொஞ்சம்.

பித்தளையில் கடைந்து போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. லேத்தில் செய்து தருவார்கள், நெடுநாள் உழைக்கும். ஆனால் அதிர்வு கைக்கு வரும், தேய்மானம் லீவரின் நுனிக்குப் போகும். நான் நைலோன் பக்கம்தான்.

முன்சக்கரம் இழுக்கும் கார்களில் கதை சற்று வேறு. அங்கே லீவருக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவே பெரும்பாலும் இரண்டு கேபிள்கள். ஒன்று இடம் வலம், மற்றது முன் பின். எந்தத் திசையில் ஆட்டம் அதிகமோ, அந்தக் கேபிளின் முனையிலுள்ள புஷ்தான் தேய்ந்திருக்கிறது. என்ஜினை நிறுத்திவிட்டு ஒருவர் லீவரை அசைக்க, மற்றவர் பொனற்றைத் திறந்து, கேபிள்கள் மாட்டியிருக்கும் கியர்பொக்ஸின் கைகளைப் பார்த்தால் போதும். லீவர் அசைந்தும் அந்தக் கை அசையவில்லை என்றால் நடுவில்தான் கோளாறு. கை முழுதாகப் போகிறது, என்ஜின் நின்றிருக்கும்போது கியரும் சுகமாக விழுகிறது, ஓடும்போது மட்டும் கடிக்கிறது என்றால் கிளச்சைப் பாருங்கள்.

நம் நாட்டில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய கார்களே பாரத்தைச் சுமந்தன; அவற்றில் பல இன்றும் அதே பழைய புஷ்களோடு ஓடுகின்றன. கியர்பொக்ஸுக்குக் காசு எடுத்துவைக்கும் முன் லீவரின் தலையை இரண்டு விரலால் ஒருதரம் ஆட்டிப் பாருங்கள்.

எங்கள் வேகனுக்குப் புஷ்ஷோடு புது ரப்பர் உறையும் போட்டாயிற்று. உறை இல்லாமல் புதுப் புஷ் போட வேண்டாம் என்று அண்ணா பிடிவாதமாக நின்றார். அந்தக் கறுப்புப் பசையைப் பார்த்தபின் எனக்கும் மறுபேச்சு வரவில்லை.