செவ்வரக்கு: ‘லாக்கர்’ பூசிய அறைகலனுக்குத் தமிழில் என்ன பெயர்?

அறை அலங்காரம் பற்றிய எழுத்துகளில் ‘ரெட் லாக்கர் டேபிள்’, ‘ஹை கிளாஸ் லாக்கர் கேபினெட்’ என்ற பெயர்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. முகம் தெரியும் அளவுக்கு வழுவழுப்பும் ஆழ்ந்த சிவப்பும் கொண்ட மேற்பூச்சுள்ள மேசை, அலமாரி, நாற்காலிகளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தமிழில் எழுதும்போதுதான் சிக்கல். நகை வைக்கும் பெட்டகமும் நமக்கு ‘லாக்கர்’, இந்தப் பூச்சும் ‘லாக்கர்’. ஆங்கிலத்தில் அவை எழுத்தாலும் பிறப்பாலும் வெவ்வேறு சொற்கள். தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. ‘படுக்கையறைக்கு ஒரு சிவப்பு லாக்கர்’ என்று படித்தவர் பூட்டுப் பெட்டியை நினைத்தால் குற்றம் அவருடையதல்ல, எழுதியவருடையது.

இத்தனைக்கும் நம்மிடம் பழஞ்சொல் ஒன்று இருக்கிறது: அரக்கு.

பூச்சைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் வந்த வழியைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். முத்திரை அரக்கைக் குறித்த ‘லாக்ரே’ என்ற போர்த்துகீசியச் சொல்தான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அதற்கு முந்தைய வடிவம் ‘லாக்கா’. அதற்கும் பின்னால் அரபியும் பாரசீகமும். எல்லாவற்றுக்கும் பின்னால் வடமொழியின் ‘லாக்ஷா’. லட்சக்கணக்கான பூச்சிகள் கூடிச் சுரக்கும் பிசின் என்பதால் இந்தப் பெயர் என்ற விளக்கம் பரவலாக உண்டு. ஆனால் ‘ராக்ஷா’ என்ற வடிவமும் இருப்பதால், சாயமேற்றுவதைக் குறிக்கும் வேரோடு இதை இணைப்பவர்கள் சொல்வதே எனக்கு வலுவாகப் படுகிறது. நம் ‘அரக்கு’ அந்த ராக்ஷாவின் திரிபு என்பாரும் உண்டு; செம்மையைக் குறிக்கும் தமிழ் வேரில் பிறந்தது என்பாரும் உண்டு. எப்படியானாலும் சொல் பழையது. பாண்டவர் இருந்த மாளிகையில் தீ சூழ்ந்ததைச் சொல்லும் கலித்தொகைப் பாட்டு அதை ‘கைபுனை அரக்கு இல்’ என்கிறது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. தமிழில் அரக்கு என்பது பொருளுக்கும் பெயர், நிறத்துக்கும் பெயர். ‘அரக்குக் கலர்’ என்றால் கருமை கலந்த ஆழ்சிவப்பு என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பளபளக்கும் சிவப்பு மேசைக்கு இதைவிட நெருங்கிய சொல் எங்கே கிடைக்கும்?

ஆனால் இந்த ஒரு பெயருக்குள் மூன்று வேறு பொருள்கள் இருக்கின்றன. மொழிபெயர்ப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

முதலாவது, அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின். புரசு, இலந்தை போன்ற மரங்களின் சிறு கிளைகளில் இந்தப் பூச்சிகள் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சி, தம்மைச் சுற்றிப் பிசினால் ஓடு கட்டிக்கொள்ளும். கிளையோடு ஒடித்தெடுப்பது கொம்பரக்கு. அதை நொறுக்கிக் கழுவி, உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து உடைத்தால் கிடைப்பது ஷெல்லாக். செதில் செதிலாக இருப்பதால் செதிலரக்கு எனலாம். கழுவும்போது பிரிவது சிவப்புச் சாயம்.

இரண்டாவது, சீனா, கொரியா, ஜப்பான் நாடுகளின் மரப்பால். இதில் பூச்சிக்கு வேலையே இல்லை. மரத்தின் பட்டையைக் கீறி வடிக்கும் இந்தப் பாலுக்கு ஜப்பானில் உருஷி என்று பெயர். கிழக்கிலிருந்து வந்த பளபளப்பான பெட்டிகளையும் திரைகளையும் பார்த்த ஐரோப்பியர், தமக்கு முன்பே அறிமுகமான அரக்கின் பெயரை அவற்றுக்கும் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் வேதியியலிலும் நிலைத்துவிட்டது: 1883-இல் ஜப்பானிய வேதியியலர் யோஷிதா இந்த மரப்பாலில் கண்ட நொதி, பின்னர் ‘லாக்கேஸ்’ என்றே பெயர் பெற்றது.

அந்த நொதியால்தான் உருஷி வினோதமான பூச்சாகிறது. மற்றப் பூச்சுகள் காற்றில் உலரும். இது ஈரத்தில் இறுகும். மரப்பாலில் உள்ள உருஷியோல் என்ற பொருளை நொதி ஆக்சிஜனோடு வினைபுரிய வைத்து வலைப்பின்னலாக இணைக்க, காற்றில் சுமார் 70 முதல் 85 விழுக்காடு ஈரப்பதம் வேண்டும். அதனால் பூசிய பொருளை ஈரமூட்டிய அலமாரிக்குள் வைத்து இறுக விடுவார்கள். இறுகும் முன் தோலில் பட்டால் கடும் அரிப்பும் கொப்புளமும் வரும். இறுகிய பின்னரோ வெந்நீரும் சாராயமும் அதை அசைக்காது. மெல்லிய பூச்சு, காத்திருப்பு, தேய்ப்பு, மறுபடி பூச்சு என்று அடுக்கடுக்காக ஏற்றுவதால் அந்த ஒளி மேற்பரப்பில் நில்லாமல் உள்ளிருந்து வருவதுபோல் தோன்றும்.

சிவப்பு எங்கிருந்து வருகிறது? மரப்பால் இயல்பில் பழுப்பு. சாதிலிங்கம் எனப்படும் பாதரச சல்பைடைக் குழைத்தால் ஒளிரும் சிவப்பு. இரும்பு ஆக்சைடைக் குழைத்தால் மண் சாயல் கொண்ட சிவப்பு. ஜப்பானியர் இதை ‘பெங்கரா’ என்கிறார்கள், வங்காளத்தின் பெயரால். சீனத்தில் சிவப்பு அரக்கை அடுக்கடுக்காக ஏற்றித் தடிப்பாக்கி அதில் உருவங்கள் செதுக்கினார்கள். மிங் அரச மரபைச் சேர்ந்த யோங்லே பேரரசரின் ஆட்சியில் (1403–1424) அந்தக் கலை உச்சத்தில் இருந்தது.

இந்த மரபை நவீன அறைக்குள் கொண்டுவந்தவர்களில் அயர்லாந்தில் பிறந்த வடிவமைப்பாளர் ஐலீன் கிரே முக்கியமானவர். பாரிஸில் சுகவாரா என்ற ஜப்பானியக் கலைஞரிடம் உருஷி வேலையைக் கற்று, 1913–14 வாக்கில் சிவப்பு அரக்குத் திரை ஒன்றைச் செய்தார். பொறுமையாக ஏற்றிய பூச்சு இருந்தால் எளிய வடிவத்துக்கு வேறு அலங்காரம் தேவையில்லை என்பதை அவருடைய அறைகலன்களில் பார்க்கலாம்.

மூன்றாவது, இன்றைய கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது: தெளிப்பானால் அடிக்கும் செயற்கைப் பூச்சு. 1920-களில் கார்களுக்கு வந்த நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு மரச்சாமான்களுக்கும் பரவியது. இப்போது பாலியூரித்தேன், அக்ரிலிக். இதில் பூச்சியும் இல்லை, மரமும் இல்லை.

ஆகவே என் பரிந்துரை: பொதுப்பெயர் அரக்குப் பூச்சு. பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் செதிலரக்கு, மரப்பாலரக்கு, செயற்கை அரக்கு. சிவந்ததானால் செவ்வரக்கு மேசை, செவ்வரக்கு அலமாரி. மெருகெண்ணெய் என்ற சொல்லும் புழக்கத்தில் உண்டு. அதை மரத்தின் ரேகை தெரியப் பூசும் வார்னிஷுக்கே விட்டுவிடலாம். மரத்தை முழுக்க மறைக்கும் சிவப்புக்கு அது பொருந்தாது.

வாங்குபவருக்கு இந்தப் பிரிவு மிகவும் பயன்படும். செதிலரக்கு சாராயத்தில் கரையும், சூடான கோப்பை வைத்தால் வெளுத்த வளையம் விழும். சாப்பாட்டு மேசைக்கு ஆகாது. மரப்பாலரக்குக்கு வெயில் பகை. சன்னல் ஒளி நேரே விழும் இடத்தில் நாளடைவில் மங்கும். பாலியூரித்தேன் சூட்டையும் வெயிலையும் ஓரளவு தாங்கும், ஆனால் ஆழமாகக் கீறினால் அந்த இடத்தை மட்டும் தெரியாமல் சரிசெய்வது கடினம். பளபளப்பு கூடக் கூட அடியிலுள்ள சிறு மேடுபள்ளமும் தெரியும் என்பதால், சுருங்கி விரியும் கட்டை மரத்தைவிட மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகையில்தான் இதை அதிகம் அடிக்கிறார்கள்.

அறையில் வைக்கும்போது, எதிரே என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். செவ்வரக்குப் பரப்பு எதிரிலுள்ளதை அப்படியே காட்டும். சன்னல் இருந்தால் ஒளி இரட்டிக்கும், அடைசல் இருந்தால் அடைசல் இரட்டிக்கும். பக்கத்து வெள்ளைச் சுவரில் இளஞ்சிவப்புச் சாயல் படரும். ஒரே அறையில் இரண்டு மூன்று செவ்வரக்குப் பொருள்களை நான் வைக்கச் சொல்லமாட்டேன். ஒன்று போதும், அதைச் சுற்றி மங்கலான துணியும் மெருகிடாத மரமும் இருந்தால் அந்தச் சிவப்பு நன்றாக எடுபடும்.

‘லாக்கர்ட் கிளாஸ்’ என்று சமையலறை அலமாரிக் கதவுகளுக்கு வருவது வேறு. அது பின்பக்கம் வண்ணம் ஏற்றிய கண்ணாடி. பளபளப்பு கண்ணாடியுடையது, பூச்சுடையதல்ல. அதற்கு அரக்கு என்ற பெயர் வேண்டாம். வண்ணக் கண்ணாடி என்றாலே புரியும்.